98 சதவீதம் 'டெலிவர்டு': அந்தக் கணக்கை ஏன் நம்பக் கூடாது

பல்க் எஸ்.எம்.எஸ். அனுப்பிய கடைக்காரருக்கு மறுநாள் காலையில் ஓர் அறிக்கை வந்துவிடும். 50,000 எண்களுக்குச் செய்தி போனது, அதில் 49,000 'டெலிவர்டு', 600 'ஃபெயில்டு', 400 'பெண்டிங்' என்று கணக்கு இருக்கும். மேலே பச்சை நிறத்தில், பெரிய எழுத்தில், 98 சதவீதம். அதைப் பார்த்ததும் ஜவுளிக்கடை முதலாளியும், பயிற்சி மையத்தின் நிர்வாகியும், ஸ்கேன் சென்டர் மேலாளரும் ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள்: 49,000 பேர் நம் செய்தியைப் பார்த்துவிட்டார்கள். செய்தியை விற்றவரும் அப்படித்தான் சொல்கிறார். விளம்பர ஏஜென்சி காட்டும் வரைபடத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

இந்த நம்பிக்கைக்குள் மூன்று கருத்துகள் அடங்கியிருக்கின்றன. 'டெலிவர்டு' என்றால் வாடிக்கையாளர் பார்த்துவிட்டார் என்பது முதலாவது. யார் அதிக சதவீதம் காட்டுகிறாரோ அவரே நல்ல சேவைதாரர் என்பது இரண்டாவது. 'ஃபெயில்டு' என்று விழுந்தவை வெறும் சேதாரம், அவற்றை மறந்துவிடலாம் என்பது மூன்றாவது. மூன்றுமே தவறு. இந்தத் தவறுகளால் வீணாவது கடைக்காரரின் பணம் மட்டுமல்ல. வாடிக்கையாளரின் பொறுமையும் போகிறது, சில நேரங்களில் அவருடைய அந்தரங்கமும் போகிறது. அந்த அறிக்கையில் ஊன்றிப் படிக்க வேண்டியது மீதமுள்ள 2 சதவீதத்தையும், ஒவ்வொரு எண்ணுக்கு எதிரேயும் பதிவாகியிருக்கும் நேரத்தையும்தான். பெரும்பாலானோர் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை.

ஒப்புகை தருவது யார்?

எஸ்.எம்.எஸ். ஏற்பாடு 1980-களின் நடுவில், பிரான்சும் ஜெர்மனியும் ஜி.எஸ்.எம். தரத்துக்காகச் சேர்ந்து உழைத்த காலத்தில் வடிவெடுத்தது. 1992 டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் நீல் பாப்வொர்த் என்ற இளம் பொறியாளர், வோடஃபோன் வலையமைப்பு வழியாக ஒரு கணினியிலிருந்து கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். அதுவே முதல் குறுஞ்செய்தி. அதைப் பெற்ற ரிச்சர்ட் ஜார்விஸின் கைப்பேசியில் பதில் எழுதும் வசதி கிடையாது. செய்தி ஒரு பக்கமாகப் போவதற்கென்று வடிவமைக்கப்பட்ட ஏற்பாடு அது. படித்தவர் என்ன நினைத்தார் என்பதைத் திருப்பிச் சொல்வது அதன் வேலையாக அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

செய்தி நேராக யார் கைப்பேசிக்கும் போவதில்லை. முதலில் ஆபரேட்டரின் எஸ்.எம்.எஸ். சென்டரில் போய்த் தங்கும். அந்தச் சென்டர், எச்.எல்.ஆர். எனப்படும் சந்தாதாரர் பதிவேட்டிடம் இந்த எண் இப்போது எந்த சுவிட்சின் கீழ் இருக்கிறது என்று கேட்கும். பதில் வந்ததும் செய்தி அங்கே தள்ளப்படும். கைப்பேசி அணைந்திருந்தால், சந்தாதாரர் இல்லை என்ற பதில் திரும்பும்; இவருக்குச் செய்தி காத்திருக்கிறது என்று பதிவேட்டில் குறிப்பு விழும். கைப்பேசி மறுபடி உயிர்பெற்று வலையமைப்பில் பதிந்தவுடன் பதிவேடு சென்டருக்குத் தகவல் சொல்லும், சென்டர் மீண்டும் முயலும். இவ்வளவும் முடிந்து, கைப்பேசி 'வாங்கிக்கொண்டேன்' என்று ஒரு சிறு சமிக்ஞையைத் திருப்பி அனுப்பும். டெலிவர்டு என்று அறிக்கையில் வருவது அதிகபட்சம் அந்தச் சமிக்ஞைதான். அதைத் தருவது கைப்பேசியின் மென்பொருள். திரை ஒளிர வேண்டியதில்லை, மணி அடிக்க வேண்டியதில்லை, உரிமையாளர் விழித்திருக்கக்கூட வேண்டியதில்லை.

பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டையில் கையெழுத்து இருந்தால், உறையை யாரோ வாசலில் வாங்கினார்கள் என்று தெரியும். உறை பிரிக்கப்பட்டதா என்று அந்த அட்டை சொல்லாது. டெலிவரி ரிப்போர்ட்டின் எல்லையும் அவ்வளவுதான்.

அந்த எல்லைக்குள்ளும் சந்தேகத்துக்கு இடமிருக்கிறது. குறுஞ்செய்தியின் தொழில்நுட்பத்தை வரையறுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 23.040 என்ற தர ஆவணத்தில் ஒவ்வொரு நிலைக்கும் ஓர் எண் உண்டு. நிலை 0 என்றால், செய்தி பெறுநரின் கருவிக்குக் கிடைத்தது. நிலை 1 என்றால், சென்டர் செய்தியை முன்னே அனுப்பிவிட்டது, ஆனால் சேர்ந்ததை அதனால் உறுதிசெய்ய முடியவில்லை. இந்த இரண்டும், பரிமாற்றம் முடிந்தது என்ற ஒரே தலைப்பின் கீழ் வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன. உறுதியானதும் உறுதியாகாததும் ஒரே வீட்டில் இருக்கும்போது, இரண்டையும் ஒரே பச்சை நிறத்தில் காட்டுவது ஒரு தளத்துக்குச் சிரமமே அல்ல. அந்த ஆவணத்தில் படிக்கப்பட்டது என்ற நிலைக்கு எண்ணே கிடையாது.

அப்படியிருக்க, எஸ்.எம்.எஸ். விற்பனையாளர்கள் எல்லோரும் மேற்கோள் காட்டும் '98 சதவீத ஓபன் ரேட்' எங்கிருந்து வந்தது? மின்னஞ்சலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு படத்தை வைத்து, அது தரவிறங்குவதைக் கொண்டு அஞ்சல் திறக்கப்பட்டதை ஊகிக்கிறார்கள். அந்த வழியும் முழு நம்பிக்கைக்குரியதல்ல என்பது அத்துறையினர் அறிந்ததே. சாதாரணக் குறுஞ்செய்தியில் அந்த வழியும் இல்லை. அளக்கும் கருவியே இல்லாத ஒன்றுக்கு யாரும் சதவீதம் சொல்ல முடியாது. கருத்துக்கணிப்பில் மக்கள் சொன்ன பதிலாக இருக்கலாம், ஊகமாக இருக்கலாம். ஒரு குறிப்பிட்ட பிரசாரத்தின் அளவீடாக அது இருக்கவே முடியாது.

இந்தக் குழப்பத்துக்கு வாட்ஸ்அப்பும் ஒரு காரணம். 2014 நவம்பரில் அது நீல டிக்கைக் கொண்டுவந்தது. போனதற்கு ஒரு டிக், சேர்ந்ததற்கு இரண்டு, படித்ததற்கு நீலம் என்ற வரிசை பத்தாண்டுகளில் நாட்டுக்கே பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தோடு எஸ்.எம்.எஸ். அறிக்கையைப் பார்ப்பவர் 'டெலிவர்டு' என்பதை நீல டிக்காகவே வாசிக்கிறார். வாட்ஸ்அப் வணிகக் கணக்குகளிலும், எஸ்.எம்.எஸ்.ஸின் அடுத்த தலைமுறை வடிவமான ஆர்.சி.எஸ். செய்திகளிலும் படித்த நிலை உண்மையாகவே உண்டு. அங்கிருந்து அந்தப் பொருளைக் கடன் வாங்கி எஸ்.எம்.எஸ்.ஸுக்குப் பூட்டுவதுதான் பிழை.

சங்கிலியில் பல கைகள்

இரண்டாவது கருத்து, அதிக சதவீதம் காட்டுபவர் நல்லவர் என்பது. இது முதலாவதைவிட அதிகக் கேடு செய்கிறது.

கடைக்காரருக்கும் ஆபரேட்டருக்கும் நடுவில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். உள்ளூர் மறுவிற்பனையாளர், அவருக்கு டேஷ்போர்டு தரும் தளம், அதற்கு மேலே மொத்த வியாபாரியான அக்ரிகேட்டர், கடைசியில் ஆபரேட்டர். ஒப்புகை இவர்கள் எல்லோருடைய கணினிகளையும் தாண்டித்தான் கீழே வருகிறது. இவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழி எஸ்.எம்.பி.பி. என்ற நெறிமுறை. அயர்லாந்தின் ஆல்டிஸ்கான் நிறுவனத்தில் பிறந்தது. 1999-இல் வந்த அதன் 3.4 பதிப்புதான் இன்றும் பரவலாகப் புழங்குகிறது. அதில் ஒரு செய்திக்கு எட்டு நிலைகள்: வழியில் இருக்கிறது, சேர்ந்தது, காலாவதியானது, அழிக்கப்பட்டது, சேர்க்க முடியாதது, அக்செப்டட், தெரியவில்லை, நிராகரிக்கப்பட்டது.

இவற்றில் 'அக்செப்டட்' என்ற நிலைக்கு அந்த ஆவணம் தரும் விளக்கம் பலருக்கு வியப்பூட்டும்: சந்தாதாரர் சார்பாக வாடிக்கையாளர் சேவை ஊழியர் ஒருவர் செய்தியைப் படித்துவிட்டார் என்பதே அது. இன்றைய தளங்கள் அந்த நிலையை அந்தப் பொருளில் பயன்படுத்துவதில்லை. மேலேயுள்ள கணினி செய்தியை ஏற்றுக்கொண்டது என்பதற்கு அதை வைத்துக்கொண்டார்கள். ஒப்புகையின் உரை வடிவம் ஒவ்வொரு சென்டர் தயாரிப்பாளரின் விருப்பத்துக்கு உட்பட்டது என்றும் அதே ஆவணம் சொல்கிறது. ஆக, ஒரு நிலை கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் அதை ஒருவர் தம் வசதிப்படி மொழிபெயர்க்கிறார். மேலே 'தெரியவில்லை' என்று புறப்பட்டது கீழே 'சென்ட்' ஆகலாம், 'பெண்டிங்' ஆகலாம். நாணயமற்ற ஒருவர் கையில் அது 'டெலிவர்டு' ஆகவும் மாறலாம். சில நாடுகளின் ஆபரேட்டர்கள் கைப்பேசியின் ஒப்புகையைத் தருவதே இல்லை. தங்கள் வலையமைப்பு ஏற்றுக்கொண்டதையே ஒப்புகையாக அனுப்புகிறார்கள். வெளிநாட்டு எண்களுக்கு அனுப்பும் தமிழ் நிறுவனங்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

இந்தியாவின் பல்க் எஸ்.எம்.எஸ். வட்டாரத்தில் 'கட்டிங்' என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். ஒரு லட்சம் செய்திக்குப் பணம் வாங்கிக்கொண்டு, அதில் ஒரு பங்கை அனுப்பாமலேயே 'டெலிவர்டு' என்று எழுதிவிடுவதற்குப் பெயர் அது. 'நோ கட்டிங்' என்று விளம்பரமே செய்கிறார்கள் என்றால் கட்டிங் எவ்வளவு சகஜமாக இருந்திருக்க வேண்டும்! வாங்குபவர் சதவீதத்தை மட்டும் பார்த்துத் தேர்வுசெய்யும் சந்தையில் உண்மையான அறிக்கை தருபவர் தோற்கிறார். அணைந்த கைப்பேசிகளையும் செத்த எண்களையும் மறைக்காமல் காட்டி 91 என்று எழுதுபவர், 99 என்று எழுதும் பொய்யரிடம் ஆர்டரை இழக்கிறார். சதவீதத்தைக் கொண்டாடும் வாடிக்கையாளர்தான் இந்தப் பொய்க்குக் கூலி கொடுக்கிறார்.

இது சிறு கடைகளின் பிரச்சினை மட்டுமல்ல. 2023 பிப்ரவரியில் ட்விட்டரின் உரிமையாளர் எலான் மஸ்க், போலியான சரிபார்ப்புக் குறுஞ்செய்திகளால் தம் நிறுவனம் ஆண்டுக்கு 6 கோடி டாலர் இழக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார்; தொலைபேசி நிறுவனங்களைக் குற்றம் சாட்டினார். தானியங்கி நிரல்கள் ஆயிரக்கணக்கான எண்களுக்கு ஓ.டி.பி. கேட்கும். செய்தி போனதாகக் கணக்கு ஏறும், கட்டணமும் ஏறும், எதிர்முனையில் ஓர் ஆள் இருக்க மாட்டார். இந்த மோசடிக்குத் தொழில்துறையில் தனிப் பெயரே உண்டு, செயற்கையாக ஊதப்பட்ட போக்குவரத்து. அங்கே டெலிவரி சதவீதம் எவ்வளவு உயர்ந்தாலும் அது நிறுவனத்தின் நஷ்டத்தைத்தான் காட்டும்.

சேர்ந்த பிறகு நடப்பது

ஒப்புகை நூறு சதவீதம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் செய்தி மனிதரிடம் போய்ச் சேர இன்னும் தூரம் இருக்கிறது.

கூகுள் மெசேஜஸ் செயலி, ஸ்பாம் என்று தான் கருதுவதைத் தனிக் கோப்புறையில் தள்ளுகிறது. ட்ரூகாலர் போன்ற செயலிகளும் அதையே செய்கின்றன. ஐபோனில் இந்தியப் பயனாளர்களுக்கு விளம்பரச் செய்திகளைத் தனியாகப் பிரிக்கும் வசதி வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. ஏர்டெல் 2024 செப்டம்பரில், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஸ்பாம் என்று சந்தேகிக்கப்படும் அழைப்புகளையும் செய்திகளையும் அடையாளமிட்டு எச்சரிக்கும் முறையைத் தொடங்கியது. 2025 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த விதித் திருத்தத்தின்படி, அனுப்புநர் பெயரான ஹெடரின் இறுதியில் விளம்பரத்துக்கு 'பி', சேவைக்கு 'எஸ்', பரிவர்த்தனைக்கு 'டி', அரசுக்கு 'ஜி' என்ற எழுத்து சேர்கிறது. செய்தியைத் திறக்காமலேயே இது விளம்பரம் என்று வாடிக்கையாளர் தெரிந்துகொள்ளலாம். இவை எல்லாம் மக்களுக்கு நல்லவை. ஆனால் வடிகட்டும் செயலி செய்தியைக் கையில் எடுக்கும்போதே கைப்பேசி ஒப்புகையைக் கொடுத்து முடித்திருக்கும். ஸ்பாம் கோப்புறையில் கிடக்கும் செய்தியும் அறிக்கையில் பச்சையாகவே இருக்கும்.

எண் யாருடையது என்பது அடுத்த சிக்கல். ஒரு சிம் கைவிடப்பட்டால் அந்த எண் என்றென்றைக்கும் ஓய்வெடுப்பதில்லை. 2023 நவம்பரில் இந்த விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, செயலிழந்த எண்ணைக் குறைந்தது 90 நாள்களுக்கு வேறு யாருக்கும் தருவதில்லை என்று டிராய் தெரிவித்தது. 91-ஆம் நாளிலிருந்து அது வேறொருவருடையதாகலாம். நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் திரட்டிய பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு ஸ்கேன் சென்டர் செய்தி அனுப்பினால், பழைய நோயாளியின் பெயரும் பரிசோதனை விவரமும் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகும். அறிக்கை அதையும் 'டெலிவர்டு' என்றே சொல்லும். ஒரு நோயாளியின் ரகசியம் கசிந்ததை வெற்றியாக எண்ணிக் கூட்டும் ஒரு கணக்கை எப்படி ஏற்பது?

தமிழில் செய்தி அனுப்புவோருக்கு வேறொரு சிக்கலும் உண்டு. ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 இடங்கள். தமிழுக்கு யூனிகோட் முறையில் 70 இடங்கள்தான். அதைத் தாண்டினால் செய்தி துண்டுகளாக உடையும். ஒவ்வொரு துண்டுக்கும் 67 இடங்கள். அந்த இடங்களும் நாம் எண்ணும் எழுத்துகளின் கணக்கல்ல. 'வணக்கம்' என்ற ஐந்தெழுத்துச் சொல்லில் இரண்டு புள்ளிகளும் தனி இடம் பிடிப்பதால் அது ஏழு இடங்களை எடுக்கும். 150 இடங்கள் பிடிக்கும் ஆங்கிலச் செய்தி ஒன்றாகவே போகும். அதே அளவுள்ள தமிழ்ச் செய்தி மூன்று துண்டாகும், மூன்று கட்டணமாகும். மூன்று துண்டும் தனித்தனியாகப் பயணம் செய்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்புகை உண்டு. பல தளங்கள் இவற்றை ஒரே வரியாகத் தொகுத்துக் காட்டுகின்றன. நடுத்துண்டு தவறிப்போனால் வாடிக்கையாளர் பார்ப்பது பாதிச் செய்தி, அல்லது ஒன்றுமே இல்லை. துண்டுவாரியாக நிலையைக் கேட்டு வாங்காத தமிழ் விளம்பரதாரருக்கு இது ஒருபோதும் தெரியவராது.

விழுந்த வரிகள் சொல்வது

மூன்றாவது கருத்து, ஃபெயில்டு என்பது வெறும் சேதாரம் என்பது. உண்மையில் அறிக்கையிலேயே அதிகச் செய்தி உள்ள பகுதி இதுதான். ஒரே சொல்லுக்குள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத அரை டஜன் காரணங்கள் புதைந்திருக்கின்றன.

முதலில், டி.என்.டி.யில் பதிந்தவர்கள். வங்கி, மனை, கல்வி, மருத்துவம் என்று வகைவாரியாக விளம்பரம் வேண்டாம் என்று 1909 என்ற எண்ணில் பதிவுசெய்யும் உரிமை ஒவ்வொரு சந்தாதாரருக்கும் உண்டு. அப்படிப் பதிந்தவருக்கு விளம்பரம் போகாமல் தடுக்கப்பட்டால் அறிக்கையில் அது தோல்வியாகக் காட்டப்படும். அது தோல்வியே அல்ல. வேண்டாம் என்று சொன்ன மனிதரின் பேச்சுக்கு மதிப்புக் கிடைத்திருக்கிறது. இந்த வரிகளைக் கண்டு பதறி, விளம்பரத்தைச் சேவைச் செய்தி போல வேஷமிட்டு வேறு வழியில் அனுப்பச் சொல்லும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். சதவீதம் ஏறும். கூடவே புகார்களும் ஏறும், ஹெடர் முடங்கும் ஆபத்தும் வரும்.

அடுத்து, டெம்ப்ளேட் பொருந்தாமை. 2018 ஜூலையில் டிராய் வெளியிட்ட விதிமுறைப்படி, அனுப்பும் நிறுவனம், ஹெடர், செய்தியின் வாசகம் மூன்றும் டி.எல்.டி. என்ற பேரேட்டில் பதிவாக வேண்டும். வாசகம் பதிவோடு பொருந்தாவிட்டால் செய்தி வழியிலேயே தடுக்கப்படும். 2021 மார்ச் 8 அன்று ஆபரேட்டர்கள் இந்தச் சோதனையை முழுமையாக அமலாக்கியபோது நாடே தடுமாறியது. வங்கி ஓ.டி.பி. வரவில்லை, ஆதார் ஓ.டி.பி. வரவில்லை, தடுப்பூசிக்காக கோவினில் பதிந்தவர்களுக்கும் வரவில்லை. மறுநாளே டிராய் அதை ஏழு நாள்களுக்கு நிறுத்திவைத்தது. மார்ச் இறுதியில், விதிகளை இன்னும் நிறைவேற்றாத 40 நிறுவனங்களின் பட்டியலை வெளியிட்டது. எச்.டி.எஃப்.சி., எஸ்.பி.ஐ., ஐ.சி.ஐ.சி.ஐ. போன்ற பெரிய வங்கிகளின் பெயர்களே அதில் இருந்தன. அன்று தடைபட்ட செய்திகளுக்குக் காரணம் கோபுரமோ சிக்னலோ அல்ல, பதிவில்லாத வாசகம். ஃபெயில்டு என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் பார்ப்பவர் அதே செய்தியை மறுபடி மறுபடி அனுப்புவார். காரணக் குறியைப் படிப்பவர் டெம்ப்ளேட்டைத் திருத்துவார்.

அதன் பிறகும் கதவுகள் கூடியிருக்கின்றன. 2024 அக்டோபர் 1 முதல், முன்கூட்டி அனுமதி பெறாத இணைய இணைப்புள்ள செய்திகள் தடுக்கப்படுகின்றன. அதே ஆண்டு டிசம்பர் 11 முதல், அனுப்புநரிலிருந்து ஆபரேட்டர் வரை இடையிலுள்ள ஒவ்வொருவரும் பதிவாகாத செய்திகள் நிராகரிக்கப்படுகின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணக் குறி உண்டு. அவற்றை மறைத்து ஒரே சிவப்புக் கட்டத்தில் அடைத்துத் தரும் டேஷ்போர்டு, வாடிக்கையாளருக்கு வேண்டிய தகவலையே அவரிடமிருந்து பறிக்கிறது.

பிறகு, இல்லாத எண்களும் அணைந்த கைப்பேசிகளும். இந்த இரண்டையும் ஒன்றாக நடத்துவது பெரிய பிழை. இல்லாத எண்ணைப் பட்டியலிலிருந்து உடனே நீக்க வேண்டும். அணைந்த கைப்பேசிக்குக் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை அனுப்புநரே காலக்கெடு வைத்துச் சொல்ல முடியும். மதியச் சாப்பாட்டுச் சலுகைக்கு இரண்டு மணி நேரக் கெடு போதும். கெடு வைக்காவிட்டால் செய்தி இரவு எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்து 'டெலிவர்டு' என்று பதிவாகும். கெடு வைத்திருந்தால் 'எக்ஸ்பயர்டு' என்று விழுந்திருக்கும். இந்த இரண்டில் வாடிக்கையாளரை எரிச்சலூட்டாதது எது என்று யோசித்தாலே, சதவீதம் எவ்வளவு தவறான வழிகாட்டி என்பது புரியும்.

காலம் கடந்த செய்தி எவ்வளவு காயப்படுத்தும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. 2019 நவம்பர் 7 அதிகாலையில் அங்கே ஏராளமானோருக்குப் புரியாத குறுஞ்செய்திகள் வந்தன. எல்லாமே அதே ஆண்டு பிப்ரவரி 14 அன்று அனுப்பப்பட்டவை. ஆபரேட்டர்களுக்கு இடையே செய்திகளைக் கடத்தும் சினிவர்ஸ் நிறுவனத்தின் ஒரு சர்வர் காதலர் தினத்தன்று செயலிழந்து, கிட்டத்தட்ட ஒன்பது மாதம் கழித்து இயங்கத் தொடங்கியபோது தேங்கியவை வெளியேறின. 1,68,149 செய்திகள் என்று நிறுவனம் முதலில் சொன்னது. உண்மையில் அதைவிட அதிகம் என்று பின்னர் ஒப்புக்கொண்டது. இடையில் இறந்துபோனவர்களிடமிருந்து செய்தி வந்ததாகச் சிலர் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். அத்தனையும் இறுதியில் கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்தவையே.

பெண்டிங் என்பதும் இப்படித்தான் தவறாகப் படிக்கப்படுகிறது. செய்தி சேர்ந்து, ஒப்புகை மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். அதைப் போகாத செய்தியாக எண்ணி மறுபடி அனுப்பினால் ஒருவருக்கே இரண்டு மூன்று முறை வரும். தவணை நினைவூட்டல் மூன்று முறை வந்தால் கடன்காரர் அதை மிரட்டலாகத்தான் எடுத்துக்கொள்வார்.

எதிர்வாதங்கள்

நம்மிடம் இருக்கும் ஒரே எண் இதுதானே, வேறு எதை வைத்து அளப்பது என்று கேட்பவர்கள் உண்டு. வேறு அளவைகள் இருக்கின்றன. ஒவ்வொரு பிரசாரத்துக்கும் தனிச் சலுகைக் குறியீடு தந்தால், எத்தனை பேர் அதைக் கடையில் சொன்னார்கள் என்று எண்ணலாம். பட்டியலில் பத்தில் ஒரு பங்கினருக்கு வேண்டுமென்றே அனுப்பாமல் விட்டு, இரு தரப்பின் கொள்முதலையும் ஒப்பிட்டால் செய்தியின் உண்மையான பலன் தெரியும். ஓ.டி.பி. அனுப்பும் நிறுவனங்களுக்கு இன்னும் எளிது: அனுப்பிய ஓ.டி.பி.களில் எத்தனை திரும்பத் தட்டச்சு செய்யப்பட்டன என்பதே அளவுகோல். இணைப்பைத் தட்டியவர்களின் எண்ணிக்கையும் உதவும். தானியங்கிப் பாதுகாப்பு நிரல்களும் இணைப்புகளைத் திறந்து பார்க்கும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

உரிமம் பெற்ற ஆபரேட்டர்கள் இருக்கிறார்கள், டி.எல்.டி. இருக்கிறது, இனி ஏமாற்ற முடியாது என்பது இன்னொரு வாதம். டி.எல்.டி. அரும்பணி செய்கிறது. ஆனால் அது காவல் காப்பது செய்தி உள்ளே நுழையும் வாசலை. யார் அனுப்புகிறார், என்ன வாசகம், அனுமதி உண்டா என்பவற்றை அது சோதிக்கும். இடைத்தரகர் கடைக்காரருக்குக் காட்டும் அறிக்கையின் நேர்மைக்கு அது உத்தரவாதம் தராது.

அப்படியானால் டெலிவரி ரிப்போர்ட்டே வேண்டாமா? கட்டாயம் வேண்டும். மதிப்பெண் பட்டியலாக இல்லாமல் நோயறியும் சோதனையாக அதைப் படிக்க வேண்டும். ஒப்புகையில் சமர்ப்பித்த நேரமும் முடிந்த நேரமும் நிமிடத் துல்லியத்தில் இருக்கும். உண்மையான பிரசாரத்தில் அந்த இடைவெளிகள் சீராக இருக்காது. பெரும்பகுதி சில நொடிகளில் சேரும், ஒரு பகுதி நிமிடங்கள் பிடிக்கும், அணைந்திருந்த கைப்பேசிகள் மணிக்கணக்கில் ஒவ்வொன்றாக வந்து சேரும். 50,000 எண்களும் ஒரே நிமிடத்தில் முடிந்ததாக ஓர் அறிக்கை காட்டினால் அது சந்தேகத்துக்குரியது. ஒரு ஆபரேட்டரிடம் மட்டும் தோல்வி கூடினால் வழியில் கோளாறு. எல்லா ஆபரேட்டர்களிடமும் கூடினால் பட்டியல் பழசாகிவிட்டது. ஒரு குறிப்பிட்ட வாசகத்துக்கு மட்டும் கூடினால் டெம்ப்ளேட்டில் பிழை. 98 என்ற ஒற்றை எண்ணிலிருந்து இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கவே முடியாது.

இந்தியாவில் நாளொன்றுக்கு நூறு கோடிக்கும் அதிகமான வணிகக் குறுஞ்செய்திகள் பறக்கின்றன. இவ்வளவு பெரிய சந்தையில் நிலைக் குறிகளுக்குப் பொதுவான ஒரு பட்டியல் வேண்டும். கைப்பேசி தந்த ஒப்புகை எது, வலையமைப்பு ஏற்றது மட்டும் எது, தடுக்கப்பட்டது எந்த விதியால் என்பதை எல்லாத் தளங்களும் ஒரே பெயரில் காட்டும்படி டிராய் கட்டாயமாக்க வேண்டும். பணம் கொடுக்கும் நிறுவனம் தன் செய்திகளின் நிலையை இடைத்தரகரின் கையைத் தாண்டி, ஆபரேட்டரின் பதிவிலேயே சரிபார்க்கும் வழியும் வேண்டும்.

அது வரும் வரை வாங்குபவர்கள் செய்யக்கூடியது உண்டு. விலைப்புள்ளி கேட்கும்போதே நான்கு விஷயங்களை எழுத்தில் கேட்கலாம்: ஒவ்வொரு எண்ணுக்கும் காரணக் குறியோடு கூடிய முழு அறிக்கை, சமர்ப்பித்த நேரமும் முடிந்த நேரமும், தமிழ்ச் செய்திக்குத் துண்டுவாரி நிலை, 'டெலிவர்டு' என்பது கைப்பேசியின் ஒப்புகையா அல்லவா என்ற தெளிவான பதில். கூடவே, விற்பவருக்குச் சொல்லாமல் ஊழியர்களின் பத்துப் பன்னிரண்டு எண்களை, வெவ்வேறு ஆபரேட்டர்களுடையதாகப் பார்த்து, பட்டியலின் நடுநடுவே கலந்துவைக்கலாம். செய்தி அவற்றில் எப்போது வந்தது, எந்தக் கோப்புறையில் வந்தது, முழுதாக வந்ததா என்று பார்த்து அறிக்கையோடு ஒப்பிட அரை மணி நேரம் போதும். அந்த ஒப்பீட்டில் அறிக்கை பொருந்தாத விற்பனையாளரிடம், அவர் எத்தனை சதவீதம் காட்டினாலும், அடுத்த ஆர்டரைக் கொடுக்கக் கூடாது.